கேரவன் கழிப்பறையும் கோரமண்டல் எக்ஸ்பிரஸும்

சினிமா படப்பிடிப்பு நடக்கிற இடத்தில் பஸ் மாதிரி நீளமாக ஒரு வண்டி நிற்குமே, அதைக் கேரவன் என்பார்கள். உள்ளே கட்டில், ஏசி, ஒப்பனைக் கண்ணாடி, ஓரத்தில் ஒரு சின்னக் கழிப்பறை எல்லாம் உண்டு. வெளிநாடுகளில் பலர் இப்படிப்பட்ட வண்டியையே வீடாக்கிக்கொண்டு குடும்பத்தோடு மாதக்கணக்கில் ஊர் சுற்றுகிறார்கள். அடுப்பு எரியாவிட்டால் கடையில் சாப்பிட்டுக்கொள்ளலாம். ஏசி ஓடாவிட்டால் ஜன்னலைத் திறந்துகொள்ளலாம். கழிப்பறை கெட்டுப்போனால்தான் அந்த வண்டிக்குள் இருக்கவே முடியாது.

வீட்டுக் கழிப்பறை அசையாமல் இருக்கிறது. தண்ணீரைக் கொட்டினால் எல்லாம் குழாய் வழியே செப்டிக் டேங்குக்கோ பாதாளச் சாக்கடைக்கோ போய்விடுகிறது. வண்டியில் இந்த வசதி எதுவும் கிடையாது. தண்ணீரை அளந்துதான் ஊற்ற வேண்டும். கழிவு போய்ச்சேர நிலம் இல்லை என்பதால் அதையும் கூடவே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். மேடுபள்ளத்தில் வண்டி குலுங்கினாலும் ஒரு சொட்டு சிந்தக் கூடாது, வாடையும் வரக் கூடாது.

கேரவனில் இதற்காக இருக்கையின் அடியில் ஒரு பெட்டி வைத்திருப்பார்கள். சுமார் 20 லிட்டர் கொள்ளும். இருக்கைக்கும் பெட்டிக்கும் நடுவே, பக்கவாட்டில் நகரும் ஒரு தட்டு இருக்கிறது. பிடியைத் திருப்பினால் தட்டு விலகி, கழிவு கீழே விழும். மறுபடி திருப்பினால் தட்டு மூடிக்கொள்ளும். தட்டைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம். வாடையைத் தடுத்து நிறுத்துவது அந்த வளையம்தான்.

பெரும்பாலும் பழுதாவதும் அதுதான். ரப்பர் காய்ந்து இறுகிவிட்டால் தட்டோடு ஒட்டி உட்காராது. நூலிழை அளவு இடைவெளி போதும், வண்டி முழுக்க நாற்றம் பரவிவிடும். பழுது பார்ப்பவர் முதலில் கையுறை மாட்டிக்கொள்வார். பெட்டியை வெளியே இழுத்துக் காலி செய்து கழுவுவார். பிறகு வளையத்தை விரலால் தடவிப் பார்ப்பார். உப்புத்தண்ணீர் விட்டுப்போன வெள்ளைப் படிவு இருந்தால் வினிகரால் துடைப்பார், ஏனென்றால் அந்தப் படிவு சுண்ணாம்பு வகை, அது அமிலத்தில் கரையும். வளையம் இன்னும் நெகிழ்வாக இருந்தால் கொஞ்சம் சிலிக்கோன் எண்ணெய் தடவி மறுபடி பொருத்துவார். வெடித்திருந்தால் புதிது போட்டுவிடுவார். கைக்குக் கிடைத்த கிரீஸை மட்டும் தடவ மாட்டார். பெட்ரோலியத்திலிருந்து வரும் எண்ணெய்கள் சில வகை ரப்பருக்குள் புகுந்து அதை ஊத வைத்துவிடும். ஊதிய வளையத்தின் மேல் தட்டு நகராது.

அங்கே வாடையைத் தடுப்பது ரப்பர். உங்கள் வீட்டுக் கழிப்பறையில் அதே வேலையைத் தண்ணீர் செய்கிறது. எப்படி என்று நீங்களே செய்து பார்க்கலாம்.

வீடு கட்டுகிற இடத்தில் மேஸ்திரி மட்டம் பார்க்க வைத்திருக்கும் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் டியூபில் ஒரு கை நீளம் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு தண்ணீர் பாட்டிலின் மூடியில் டியூப் நுழையும் அளவுக்குப் பெரியவர்களை ஓட்டை போட்டுத் தரச் சொல்லுங்கள். பாட்டிலுக்குள் பொடியாக நறுக்கிய வெங்காயம் போட்டு, மூடி, டியூபைச் செருகி, சுற்றிலும் களிமண் அப்புங்கள். டியூபின் மறுமுனையை மூக்கருகே வைத்துப் பாட்டிலை மெதுவாக அமுக்கினால் வெங்காய வாடை வரும். இப்போது டியூபை நடுவில் தொங்கலாக வளைத்து, வளைவில் நாலு விரற்கடை தண்ணீர் ஊற்றுங்கள். மறுபடி மெதுவாக அமுக்குங்கள். ஒரு பக்கம் தண்ணீர் இறங்கி மறுபக்கம் ஏறும், வாடை வராது. ஓங்கி அமுக்கினால் மட்டும் காற்று குமிழி குமிழியாகத் தண்ணீரைத் தாண்டி வந்துவிடும்.

கழிப்பறைப் பீங்கானுக்கு அடியில் இதே மாதிரி ஒரு வளைவு இருக்கிறது. பிளம்பர்கள் அதை டிராப் என்பார்கள். ஒவ்வொரு முறை தண்ணீர் ஊற்றும்போதும் கடைசியாக ஊற்றிய கொஞ்சம் அந்த வளைவில் தங்கி, கீழேயிருந்து வரும் வாயுவை மறித்து நிற்கிறது. செப்டிக் டேங்கிலிருந்து உயரமாக ஒரு குழாய் கூரை வரை போகிறதே, அது எதற்கு என்று இப்போது புரியும். உள்ளே சேரும் வாயு அதன் வழியே வெளியேறாவிட்டால், நீங்கள் பாட்டிலை ஓங்கி அமுக்கியதுபோல அழுத்தம் ஏறி, வளைவுத் தண்ணீரைத் தாண்டி வீட்டுக்குள் வந்துவிடும். கோடை விடுமுறைக்குப் பாட்டி வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது குளியலறை நாறுவதற்கும் காரணம் இதில்தான் இருக்கிறது. வளைவில் இருந்த தண்ணீர் வெயிலுக்கு ஆவியாகிவிட்டது. ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுங்கள், வாடை நின்றுவிடும்.

சரி, நம் ஊர் ஆரணியில் கேரவன் எத்தனை இருக்கிறது என்று கேட்பீர்கள். நம் திருவள்ளூர் மாவட்டத்தில் அதைக் காண்பது அபூர்வம்தான். ஆனால் பொன்னேரி ஸ்டேஷனுக்குப் போய் நின்றால், கழிப்பறையோடு ஓடும் வீடுகள் நாள் முழுக்கக் கடந்துபோகின்றன. கோரமண்டல், கிராண்ட் டிரங்க், தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் எல்லாம் கும்மிடிப்பூண்டி, கூடூர் வழியாகத்தான் வடக்கே போகின்றன. நாம் ஏறும் கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் கழிப்பறை கிடையாது, குறைந்த தூரம்தானே. தொலைதூர ரயிலில் பொதுவாக ஒரு பெட்டிக்கு நான்கு கழிப்பறைகள்.

முன்பெல்லாம் அவற்றின் அடியில் வெறும் ஓட்டைதான். கழிவு நேராகத் தண்டவாளத்தில் விழும். வண்டி ஸ்டேஷனில் நிற்கும்போது பயன்படுத்தாதீர்கள் என்று எழுதி வைத்தது அதனால்தான். வண்டி பொன்னேரிப் பக்கம் ஆரணி ஆற்றுப் பாலத்தில் போகும்போது கழிவு ஆற்றில் விழுந்தது. அந்த ஆறு போய்ச் சேரும் இடம் பழவேற்காடு ஏரி, மீனும் இறாலும் வளர்கிற இடம்.

தண்டவாளத்துக்கும் அது கேடு செய்தது. சிறுநீரில் உப்புகளும் யூரியாவும் உண்டு. நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து, இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கும். தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் கிளிப்புகளும் துருவேறி இறுகிவிடும். ரயில் பாதுகாப்பை ஆராய்ந்த அனில் ககோட்கர் குழு, கழிவு தண்டவாளத்தில் விழுவதை நிறுத்தியே தீர வேண்டும் என்று 2012-ல் தன் அறிக்கையில் சொன்னது. இதைவிடப் பெரிய கொடுமை ஒன்றும் நடந்தது. ஸ்டேஷனில் விழுந்த கழிவை மனிதர்கள் துடைப்பமும் தகரமும் வைத்து அள்ளினார்கள். தண்டவாளத்தில் கழிவை அள்ளுவதும் கையால் மலம் அள்ளுவதில் சேரும் என்று 2013-ல் வந்த தடைச் சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது. எந்த மனிதரையும் அந்த வேலையில் நிறுத்தக் கூடாது. ரயில் கழிப்பறையை மாற்றியே ஆக வேண்டும் என்பதற்கு எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

மாற்று எங்கிருந்து வந்தது தெரியுமா? பனிமலையிலிருந்து. லடாக், சியாச்சின் போன்ற உறைபனி இடங்களில் காவல் நிற்கும் படைவீரர்களின் கழிவு, ஆண்டுக்கணக்கில் மட்காமல் அப்படியே கிடந்தது. குளிரில் நுண்ணுயிரிகள் வேலை செய்யாததே காரணம். குவாலியரில் உள்ள ராணுவ ஆய்வுக்கூடத்தின் விஞ்ஞானிகள் குளிரிலும் வேலை செய்யும் நுண்ணுயிரிகளைத் தேடினார்கள். அண்டார்க்டிகாவிலிருந்துகூடக் கொண்டுவந்து, பல வகைகளைச் சேர்த்து ஒரு கூட்டமாக வளர்த்தார்கள். அந்தக் கூட்டத்தைத்தான் ரயிலுக்குக் கொண்டுவந்தார்கள். 2011 ஜனவரியில் குவாலியர்–வாரணாசி புந்தேல்கண்ட் எக்ஸ்பிரஸில் முதல் உயிரிக் கழிப்பறைகள் ஓடின. கழிவே விழாத முதல் ரயில் பாதை நம் தமிழ்நாட்டில் அமைந்தது: மானாமதுரை–ராமேஸ்வரம், 114 கிலோமீட்டர், 2016 ஜூலை 24. இப்போது நாட்டில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட உயிரிக் கழிப்பறைகள் ஓடுகின்றன.

அடுத்த முறை ரயிலில் ஏறுமுன் பிளாட்பாரத்திலிருந்து பெட்டியின் அடியைப் பாருங்கள். கழிப்பறைக்கு நேர் கீழே, எவர்சில்வர் நிறத்தில் ஒரு பெரிய தொட்டி தொங்கும். 400 லிட்டர் கொள்ளும். உள்ளே தடுப்புகள் வைத்து அறை அறையாகப் பிரித்திருப்பார்கள். கழிவு ஒவ்வொரு அறையாகத் தாண்டித் தாண்டி மெதுவாகத்தான் போக முடியும். உள்ளே காற்று கிடையாது. அந்த நுண்ணுயிரிகளுக்கு ஆக்சிஜன் வேண்டாம், இருந்தால்தான் தொல்லை.

முதல் கூட்டம் பெரிய மூலக்கூறுகளான புரதம், கொழுப்பு, மாவுப்பொருளைச் சின்னச் சின்னத் துண்டுகளாக உடைக்கும். அடுத்த கூட்டம் அந்தத் துண்டுகளைத் தின்று அமிலங்களாக மாற்றும். மூன்றாவது கூட்டம் அந்த அமிலங்களை வினிகரில் இருக்கிற அசிட்டிக் அமிலமாகவும் ஹைட்ரஜனாகவும் ஆக்கும். கடைசிக் கூட்டம் அவற்றிலிருந்து மீத்தேன் வாயுவை உண்டாக்கும். மாட்டுச் சாணத்தில் இயங்கும் கோபர் கேஸ் தொட்டிக்குள் நடப்பதும் இதே வேலைதான். மிஞ்சும் தண்ணீர் கடைசியில் குளோரின் மருந்தைத் தாண்டி வெளியே சொட்டும்.

இந்த நாலு கூட்டத்தில் கடைசிக் கூட்டம்தான் ரொம்ப மென்மையானது. மெதுவாகத்தான் பெருகும். ஆக்சிஜன் பட்டாலோ அமிலம் கூடினாலோ சோர்ந்துவிடும். அது சோர்ந்தால் முன்னால் இருப்பவர்கள் தயாரிக்கும் அமிலத்தை எடுக்க ஆள் இல்லாமல் தொட்டி புளித்துப்போகும். அப்போதுதான் நாற்றம் எழும். அழுகிய முட்டை வாடை அடிப்பது ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயுவால். காற்றில் நூறு கோடியில் சில பங்கு கலந்திருந்தாலே நம் மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். அதே வாயு அதிகமானால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது, ஆளைக் கொன்றும்விடும். செப்டிக் டேங்குக்குள் இறங்கியவர்கள் இறந்துபோகும் செய்திகளுக்குப் பின்னால் பெரும்பாலும் இந்த வாயு இருக்கிறது. திறந்து கிடக்கும் செப்டிக் டேங்கை எட்டிப் பார்க்கக்கூடப் போகாதீர்கள்.

கேரவனுக்கும் ரயிலுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கேரவன் பெட்டியில் பலர் ஒரு நீல மருந்தை ஊற்றுவார்கள். கிருமிகளைச் செயல்பட விடாமல் செய்து, நாற்றத்தைத் தள்ளிப்போடுவது அதன் வேலை. ரயிலிலோ கிருமிகளை நாம்தான் வளர்க்கிறோம். கேரவன் மருந்தையோ ஆசிட்டையோ பினாயிலையோ ரயில் கழிப்பறையில் கொட்டினால், அங்கே வேலை பார்க்கும் நுண்ணுயிரிகள் செத்துவிடும். அப்படிச் செத்துப்போன தொட்டியைப் பழுது பார்ப்பது என்றால், அதற்குள் புதிய நுண்ணுயிரிக் கரைசலை ஊற்றி மறுபடி பெருக விடுவதுதான்.

ஆனால் ரயில் கழிப்பறைகளில் மிக அதிகமான பழுது கிருமிகளால் வருவதில்லை. இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2017-ல் தந்த அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. சுமார் 25 ஆயிரம் உயிரிக் கழிப்பறைகளில் 2016-17 ஆண்டில் ஏறத்தாழ 2 லட்சம் குறைகள். அதில் ஒரு லட்சத்துக்கும் மேல் அடைப்பு. வகுத்துப் பாருங்கள், ஒரு கழிப்பறை ஆண்டுக்கு நாலு முறை அடைத்துக்கொண்டிருக்கிறது. அடைத்தது என்ன? தண்ணீர் பாட்டில், டீ கப், குட்கா பாக்கெட், பாலித்தீன் பை, நாப்கின், குழந்தைகளின் டயபர், துணி. பிளாஸ்டிக்கின் மூலக்கூறு சங்கிலியை வெட்டும் நொதி அந்த நுண்ணுயிரிகளிடம் இல்லை. அண்டார்க்டிகாவிலிருந்து வந்தாலும் அவற்றால் பாட்டிலைத் தின்ன முடியாது.

பயணம் முடிந்த ரயிலைப் பேசின் பிரிட்ஜ் போன்ற பராமரிப்புப் பணிமனைக்குக் கொண்டுபோவார்கள். அங்கே இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே ஆள் நின்று நடக்கிற ஆழத்துக்கு நீளமான பள்ளம் இருக்கும். பிட் லைன் என்பார்கள். தொழிலாளர் பள்ளத்துக்குள் நின்று தலைக்கு மேலே இருக்கும் தொட்டியையும் குழாயையும் பார்ப்பார். பீங்கானுக்கும் தொட்டிக்கும் நடுவே உள்ள வளைவில்தான் பாட்டில் சிக்கியிருக்கும். தண்ணீர் மட்டும் சுற்றிக்கொண்டு போகும், கழிவு தேங்கி நிற்கும். வளைவைத் திறந்துவிட ஒரு வால்வு இருக்கிறது. அதைத் திறந்தால் தேங்கியதெல்லாம் முதலில் கீழே வரும், அவர் விலகித்தான் நிற்க வேண்டும். பிறகு கொக்கியை விட்டுத் துழாவுவார். நசுங்கிய பாட்டில் ஒன்று வரும், பின்னாலேயே ஒரு பாக்கெட் வரும். தண்ணீரைப் பீய்ச்சி ஓட்டம் சரியாகிறதா என்று பார்த்து வால்வை மூடுவார். ஒரு ரயிலில் இருபதுக்கு மேல் பெட்டிகள் என்றால் எண்பதுக்கு மேல் கழிப்பறைகள். வண்டி மறுபடி பிளாட்பாரத்துக்குப் போக வேண்டிய நேரமும் குறித்தாகிவிட்டது.

இந்தத் தொட்டிகள் சொன்னபடி வேலை செய்கின்றனவா என்ற கேள்வியும் எழுந்தது. சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்துவிட்டு, வெளியே வரும் தண்ணீர் சரியாகச் சுத்தமாகவில்லை, இது சாதாரண செப்டிக் டேங்கை விட மேலானதல்ல என்றார்கள். 2017-ல் அது செய்தியானது. ரயில்வே அதை ஏற்கவில்லை. நீங்கள் விஞ்ஞானியாகப் போகிறீர்கள் என்றால் இந்தச் சண்டையைக் கவனித்துக்கொள்ளுங்கள். தொட்டியைப் பொருத்தியதோடு வேலை முடிந்துவிடாது. வெளியே சொட்டும் தண்ணீரை அவ்வப்போது பாட்டிலில் பிடித்துச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். கழிவு தண்டவாளத்தில் விழாமல் நின்றது பெரிய மாற்றம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. தண்ணீரின் சுத்தத்தில் கண்டிப்பாக இருப்பதும் அதே அளவு முக்கியம்.

சென்னைப் பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையில் 2018-ல் உருவான வந்தே பாரத் ரயிலில் இன்னொரு முறை வந்தது. விமானத்தில் இருப்பதுபோல வெற்றிடக் கழிப்பறை. பொத்தானை அமுக்கினால் சர்ரென்று ஒரு சத்தம், அரை லிட்டர் அளவு தண்ணீரிலேயே எல்லாம் போய்விடும். குழாய்க்குள் இருக்கும் காற்றை முன்கூட்டியே வெளியே எடுத்துவிடுகிறார்கள். பொத்தானை அமுக்கியதும் ஒரு வால்வு திறக்கும். அறையில் இருக்கும் காற்று, அழுத்தம் குறைந்த குழாய்க்குள் பாயும்போது கழிவையும் தள்ளிக்கொண்டு போகும். நம்மைச் சுற்றியுள்ள காற்று ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறக்குறைய ஒரு கிலோ எடை வைத்ததுபோல அழுத்திக்கொண்டே இருக்கிறது. ஸ்ட்ராவில் இளநீர் மேலே ஏறுவதற்கும் அதுவே காரணம். வால்வு மூடிவிட்டால் கீழ்வாடை மேலே வர வழியில்லை. கடைசியில் இங்கேயும் கழிவு நுண்ணுயிரித் தொட்டிக்குத்தான் போகிறது. குழாய் மட்டும் குறுகல், அதனால் ஒரு டயபர் போட்டாலே அடைத்துக்கொள்ளும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்கு வரும் லாரிகளை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். கொல்கத்தா நெடுஞ்சாலையில் நாள்கணக்கில் ஓட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கு அந்த லாரிதான் வீடு. அதில் கழிப்பறை இல்லை. கொஞ்சத் தண்ணீரில், குலுங்கும் வண்டியில், மலிவாக வேலை செய்யும் ஒரு நல்ல கழிப்பறையை அவர்களுக்காக யாராவது உருவாக்க வேண்டும். உங்களில் ஒருவர் செய்தால் மிகவும் சந்தோஷம்.

அதற்கு முன்னால் இன்றைக்கே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. ரயிலில் போகும்போது பாட்டிலையும் டீ கப்பையும் குப்பைத்தொட்டியில் போடுங்கள். தம்பி தங்கையின் டயபரைக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போடும்படி அம்மா அப்பாவிடம் சொல்லுங்கள். கழிப்பறை அடைத்திருந்தாலோ தண்ணீர் வராவிட்டாலோ 139-க்குப் போன் செய்யச் சொல்லுங்கள், அது ரயில்வேயின் உதவி எண். டிக்கெட்டில் உள்ள பி.என்.ஆர். எண்ணையும் பெட்டியின் எண்ணையும் சொன்னால் புகார் பதிவாகிவிடும்.